நெயில் பாலிஷ் வைத்த ஸ்குரூ

என் மாமனாரின் மோட்டார் சைக்கிளை விற்றுவிடலாம் என்ற பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டின்போது எழுந்தது. மாமா எங்களோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது முழங்காலில் கட்டு. முதல் நாள் திண்டிவனத்தில், மேம்பாலத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்த வண்டியை முதல் கியரில் போட்டுக் கிளச்சை விட்டிருக்கிறார். வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு பாய்ந்து ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டியில் முட்டிச் சாய்ந்துவிட்டது. பழக்காரருக்கு அடி இல்லை. உருண்ட பழங்களைப் பொறுக்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் மாமாவின் முழங்காலைக் கழுவிவிட்டு வீட்டுக்குத் தகவல் சொன்னார்.

"காயலான் கடைக்குப் போட்டுட்டு வீட்ல உக்காரச் சொல்லும்மா," என்றார் என் கணவர். அவருக்குச் சென்னைக்குப் பக்கத்தில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை விழுப்புரத்திலிருந்து திரும்பிவிடுவார். அதனால் எங்கள் வீட்டுப் பெரிய முடிவுகள் எல்லாம் ஞாயிறு பகலில் எடுக்கப்படுபவை.

"நான் சொன்னா கேட்டுடுவாராக்கும்," என்றார் அத்தை. "அந்த வண்டியத்தான் கட்டிக்கினாரு. நான் சும்மா கூட வந்தவ."

மாமா மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே, "மோரு புளிச்சிருக்கு," என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். சமயம் பார்த்துப் பேச்சை மாற்றுகிற ஆள் என்று நினைத்தோம்.

மாமா கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, மயிலம், திண்டிவனம் என்று நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் ஊர்களில் மாடு தீனி எடுக்காவிட்டாலும், வயிறு உப்பினாலும், கன்று போடத் திணறினாலும் இன்னமும் அவருக்குப் போன் வரும். போய்ப் பார்த்து, டாக்டரைக் கூப்பிட வேண்டுமா, தேவையில்லையா என்று சொல்வார். பெரும்பாலும் தேவையில்லை என்றுதான் சொல்வார், அதற்காகவே அவரைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்த ஊர்களுக்குப் பேருந்து எப்போதாவதுதான் போகும். வண்டி போனால் அந்த ஊர்களும் போய்விடும். அவர் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவார் என்பதை, முழங்கால் கட்டோடு இருந்த அந்த ஒரு நாளிலேயே பார்த்துவிட்டேன். வாசலில் போகும் பால்காரரின் மாட்டைக் கூப்பிட்டு நிறுத்திப் பல் பார்த்தார்.

"வண்டிய விக்க வேணாம். என்கிட்ட ஒரு மாசம் விடுங்க," என்றேன்.

"உனக்கு எதுக்கு இந்த பேஜாரு? விழுப்புரத்துல மெக்கானிக்கா இல்ல?" என்றார் கணவர்.

"மெக்கானிக்குங்க பாத்தாச்சு. வாரம் ஒருவாட்டி பாக்குறாங்க. மறுபடி ரேஸ் ஆவுது."

"ஒரு மாசம். அப்பவும் ரேஸ் ஆச்சுன்னா நானே ஆளக் கூட்டிக்கினு வந்து ஏத்தி விட்டுடுவேன். அப்புறம் யாரும் பேசக்கூடாது."

ஒப்புக்கொண்டேன். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். திண்டிவனத்தில் ஒரு பாலிடெக்னிக்கின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. தினமும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் போய் வருகிறேன். என்னால் முடியும் என்று நம்பினேன்.

மாமாவின் வண்டி, என் கணவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கியது. இப்போது வரும் வண்டிகளில் பெட்ரோலை அளந்து விடும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. மாமாவின் வண்டியில் கார்ப்பரேட்டர்தான். காற்று ஒரு பக்கம், பெட்ரோல் ஒரு பக்கம், இரண்டும் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை ஊசித்துளை போன்ற ஜெட்டுகளும் இரண்டு ஸ்குரூக்களும் முடிவு செய்கின்றன. ஆக்சிலேட்டரைத் தொடாமல் வண்டி நிற்கும்போதும் இன்ஜின் அணையாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் இல்லையா, அதுதான் ஐட்லிங். மாமாவின் வண்டி மெதுவாக ஓடவில்லை. நிற்கும்போதே யாரோ ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்திருப்பதுபோல இரைந்தது. தெருமுனையில் அவர் திரும்பும்போதே எதிர்வீட்டு அக்கா, "உங்க மாமாவோட ஜெட் பிளேன் இறங்குது பாரு," என்பார். அந்த ஓட்டத்தில் கியர் போட்டால் வண்டி பாயத்தான் செய்யும்.

எனக்கு எதையும் வரிசையாக எழுதிவிட்டுத்தான் தொட வரும். போனில் எழுதினேன்: ஆக்சிலேட்டர் ஒயர் இறுகியிருக்கலாம். உள்ளே ஏறி இறங்கும் உருளை தேய்ந்து மேலேயே மாட்டிக்கொள்ளலாம். சோக் முழுக்கத் திரும்பாமல் இருக்கலாம். கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் விரிசல் விட்டு, கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகலாம். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். ஐட்லிங் ஸ்குரூவின் ஸ்பிரிங் செத்திருக்கலாம். மலிவானதிலிருந்து செலவானது வரை வரிசை.

சனிக்கிழமை பிற்பகல் முற்றத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். ஹேண்டில் பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். சத்தம் மாறவில்லை. ஒயர் குற்றவாளி இல்லை. இரண்டு போல்ட்டைக் கழற்றிக் கார்ப்பரேட்டரைக் கையில் எடுத்தேன். அதன் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் பொடி மண்போல அழுக்கு. ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத்தான் தெரிந்தது. இரும்புக் கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும் என்பதால் ஒயரிலிருந்து ஒரே ஒரு செப்பு இழையை உருவி விட்டு, காற்று ஊதி, மறுபடி பிடித்துப் பார்த்தேன். வட்டமாக வானம் தெரிந்தது.

மாமா ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே துணியை மட்டும் எடுத்து நீட்டினார்.

மாட்டி முடித்து இன்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டேன். ஏர் ஸ்குரூவை முழுக்க உள்ளே விட்டு, மெல்ல வெளியே எடுத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இன்ஜின் தெளிவாகப் பேசும். அங்கே நிறுத்தி, ஐட்லிங் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தேன். இரைச்சல் இறங்கி, பட் பட் என்று தனித்தனியாக எண்ணக்கூடிய சத்தமாக ஆனது. டேங்க் மேல் வைத்திருந்த ஸ்பேனர்கூட ஆடவில்லை.

"எப்படி மாமா?" என்றேன்.

டேங்க் மேல் உள்ளங்கையை வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். "நல்லாருக்கும்மா," என்றார்.

திங்கட்கிழமை மாலை நான் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தபோது, எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "ஜெட்டு வந்துடுச்சு," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் அந்த வரிசையில் ஒவ்வொன்றாக இறங்கினேன். ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்று ஓடும் இன்ஜினில் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். விரிசல் இருந்தால் சத்தம் மாற வேண்டும், மாறவில்லை. என்றாலும் ரப்பரை மாற்றினேன். உருளையைக் கழற்றி விளக்கடியில் வைத்துத் தடவினேன், கீறல் இல்லை. ஸ்பிரிங்கை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் நான் விட்டுப்போகும்போது வண்டி பூனைபோல இருக்கும். ஓரிரு நாளில் மறுபடி இரையும். என் கணவர் போனில், "இன்னா, ஆளுக்குச் சொல்லிடட்டுமா?" என்று கேட்கத் தொடங்கினார். கிண்டல்தான். ஆனால் மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு. இறுக்கிய போல்ட் தானாகக் கழல்கிறதா என்று தெரிய, போல்ட்டின் தலையையும் அதை ஒட்டிய உடலையும் சேர்த்து பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுவோம். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. வீட்டில் பெயின்ட் இல்லை. என் அலமாரியில் கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குக் கிளம்பும் முன், ஐட்லிங் ஸ்குரூவிலும் அதன் பக்கத்திலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தேன்.

புதன்கிழமை குனிந்து பார்த்தபோது, ஸ்குரூவில் இருந்த சிவப்பு ஒரு திசையிலும் உடலில் இருந்த சிவப்பு வேறொரு திசையிலும் இருந்தன. நகர்ந்திருக்கிறது. முதலில் எனக்குச் சந்தோஷம்தான். கடைசியில் குற்றவாளி கிடைத்தான், அதிர்வில் ஸ்குரூ கழல்கிறது என்று. ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அதிர்வில் கழலும் ஸ்குரூ வெளியேதான் வரும். வெளியே வந்தால் ஐட்லிங் குறையும், வண்டி அணைந்துபோகும். ஐட்லிங் ஒருபோதும் அதிகமாகாது. இது உள்ளே போயிருக்கிறது. ஸ்குரூ தானாக உள்ளே போகாது. ஒரு கை திருகினால்தான் போகும்.

அந்த வண்டியைத் தொடும் கைகள் இரண்டு பேருடையவைதான். ஒருவர் நான்.

ஏன் என்று புரியவில்லை. வண்டி சரியாகக் கூடாது என்று அவருக்கு என்ன ஆசை? சரியாகாவிட்டால் போவது அவருடைய வண்டி. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் ஸ்குரூவைப் பழையபடி வைத்தேன். மறுநாள் காலை அவர் கிளம்பும் நேரத்தில், அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா கிக்கரை உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. பட் பட் என்று அழகாக ஓடியது. அவர் டேங்க் மேல் உள்ளங்கையை வைத்தார். கையை எடுத்து வேறொரு இடத்தில் வைத்தார். பின்னால் குனிந்து சைலென்சரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் கிக்கரை மறுபடியும் உதைத்தார்.

ஓடும் இன்ஜினை உதைத்தால் உள்ளே பற்கள் உரசி கர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். கேட்பவருக்குப் பல் கூசும். அடுக்களைக்குள் அத்தை, "யப்பா, இன்னாது அது," என்று திரும்பினார். மாமா முகத்தில் எந்தக் கூச்சமும் இல்லை. கால்வழியாக ஏதோ தெரிந்ததுபோலக் காலை மட்டும் சட்டென்று எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, குனிந்து, ஐட்லிங் ஸ்குரூவைத் திருகினார். இன்ஜின் இரையத் தொடங்கியது. மறுபடி டேங்க் மேல் கை. இப்போது தலையசைத்துக்கொண்டார். ஏறிப் போனார்.

நான் ஜன்னலிலேயே நின்றேன். போனில் இருந்த வரிசை முழுவதும் தவறான ஆளைப் பற்றியது. அவருக்குக் காது கேட்கவில்லை. அதன்பின் மற்றவை தாமாகவே வந்து அடுக்கிக்கொண்டன: மோர் புளித்த அன்று அவர் பேச்சை மாற்றவில்லை, பேச்சே அவருக்குப் போய்ச் சேரவில்லை. போன் வந்தால் சரி சரி என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தையிடம் கொடுத்துவிடுவது. கோவிலில் வழக்கமான தூணடியை விட்டுவிட்டு, பிரசங்கம் செய்யும் சாமியாரின் வாய் தெரிகிற முன்வரிசைக்குப் போய் உட்காருவது. நான் என்ன கேட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பது.

அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. காது கேட்காதவரிடம் ஒரு ரகசியத்தை மெதுவாகச் சொல்ல முடியாது. எங்கள் வீடு சின்னது. நான் அவருக்குக் கேட்கும்படி சொன்னால் அத்தைக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் சேர்த்தே சொன்னதாகும்.

வெள்ளிக்கிழமை காலை, "மாமா, ரயிலு போயிடுச்சு. திண்டிவனம் பக்கம்தானே போறீங்க?" என்று வாயை நன்றாக அசைத்துக் கேட்டேன். ஏறச் சொன்னார். நெடுஞ்சாலையில் பின்னால் உட்கார்ந்து போனபோது அவர் ஓட்டுவதைக் கவனித்தேன். ஓரமாக, நேராக, பொறுமையாக ஓட்டினார். கண்கள் நொடிக்கொருதரம் வலதுபக்கக் கண்ணாடிக்குப் போய் வந்தன. எங்கள் ஊரில் பாதிப்பேர் வண்டியில் கண்ணாடியே இருக்காது. அவருக்கு இரண்டும் பளபளவென்று துடைத்திருந்தன. விக்கிரவாண்டியைத் தாண்டியதும் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறிய ஒரு லாரி இடதுபக்கமாக, கண்ணாடியில் விழாத மூலையில், ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தது. எனக்கு முதுகெல்லாம் அதிர்ந்தது. மாமாவின் தோள்கள் அசையவே இல்லை. வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இடதுபக்கம் மெல்ல ஒதுங்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். லாரி எங்களை உரசுவதுபோலக் கடந்தது. டிரைவர் ஜன்னலில் தலை நீட்டி ஏதோ திட்டிக்கொண்டு போனான்.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். அவருக்கு எதிரில் நின்றேன்.

"மாமா, உங்களுக்குக் காது கேக்கலையா?"

"எது?"

"காது! காது கேக்கலையான்னு கேக்குறேன்!"

டீக்கடைக்காரர் திரும்பினார். "ஏம்மா, பெரிய மனுஷன நடு ரோட்ல நிக்க வச்சி இப்படி மெரட்றியே, இது நியாயமா?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமலே சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

டீயை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்புறம் போனோம். அங்கே வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய செடிகளைக் குவித்த இடத்தில் வரப்பின் மேல் உட்கார்ந்தார். டீயை முழுக்கக் குடித்தார்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"புதன்கிழமை சந்தேகம் வந்துது. நேத்து காலையில பாத்தேன்."

"எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்," என்றார். "மொதல்ல கடிகார மணி போச்சு. அப்புறம் குயிலு. அப்புறம் உங்க அத்தை. அதுல ஒன்னும் நஷ்டமில்ல."

நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, குரலை மாற்றினார். பாண்டிச்சேரியில் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். காதில் வைக்கும் மிஷினும் வாங்கியிருக்கிறார். பீரோவில் சட்டைக்கு அடியில் இருக்கிறதாம். "வச்சா கேக்குது. ஹெல்மெட் போட்டா உள்ள விசில் அடிக்குது. ஒன்னு தலை, இல்லன்னா காது. போலீஸ்காரன் தலையத்தான் கேக்குறான்."

"மாட்ட எப்படிப் பாக்குறீங்க?"

இடது கையை முஷ்டியாக்கிக் காண்பித்தார். "இடதுபக்கம் விலாவுக்குப் பின்னாடி பள்ளம் இருக்கும். அதுல வச்சி அமுக்கினா, வயிறு வேலை செய்யிறது கையில மோதும். காது எதுக்கு? வண்டியும் அப்பிடித்தான் பாத்துக்கினு இருந்தேன். டேங்க்ல கை வச்சா உதறும். உதறுனா ஓடுது. நீ கை வச்சதிலேர்ந்து உதறல் நின்னு போச்சு. ஓடுதா, அணைஞ்சிடுச்சான்னே தெரியல. சிக்னல்ல நிக்கும்போது அணைஞ்சிடுச்சின்னு நெனச்சி உதைக்கிறேன், பின்னாடி இருக்கிறவன்லாம் ஒரு மாதிரி பாக்குறான்." கிளாஸைக் கவிழ்த்து மிச்சத்தைச் சிந்தினார். "உன்னச் சொல்லல. நீ நல்லாத்தான் பண்ணியிருக்க. நல்லா பண்ணதுதான் எனக்கு ஒத்துக்கல."

நான் எவ்வளவு துல்லியமாக டியூன் செய்தேனோ, அவ்வளவுக்கு அந்த இன்ஜின் அவர் கைக்கு இல்லாமல் போயிருக்கிறது. இதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

"ரோட்டுக்குக் கண்ணாடி இருக்கில்ல. ரெண்டு பக்கமும் பாத்துத்தான் ஓட்டுறேன்," என்றார்.

"இப்ப வந்த லாரி கண்ணாடியில தெரிஞ்சுதா மாமா?"

"எந்த லாரி?"

சொன்னேன். கையை வைத்து எந்தப் பக்கம், எவ்வளவு கிட்டே என்று காட்டினேன். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தால் நீங்கள் ஒதுங்க மாட்டீர்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். மல்லாட்டை பிடுங்கியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமா வெகுநேரம் என் கை நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன்கிட்ட சொல்லிடுவியா?"

"நீங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை."

"சொல்றேன்," என்றார். என்னைத் திண்டிவனத்தில் இறக்கிவிட்டு, எப்போதும்போல ஓரமாகப் போனார். கண்ணிலிருந்து மறையும்வரை நின்றேன். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். மாமா மகனிடம் ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், மயிலம் பக்கம் ஒரு மாடு இரட்டைக் கன்று போட்டதைப் பற்றிப் பேசினார். தானே பேசிக்கொண்டிருந்தால் பதிலைக் கேட்க வேண்டியதில்லை என்பது எனக்கு இப்போது தெரியும். சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் வெளியே போய் வண்டியை உதைத்தார். தெருவே இரைந்தது.

"இதுக்குத்தான் ஒரு மாசமா? வீணாப் போச்சு. நாளைக்கே ஆள வரச் சொல்றேன்," என்றார் என்னைப் பார்த்து.

மாமா கூடத்துக் கதவருகில் நின்றார். அவர் பார்வை என் வாயில் இருந்தது. சில நொடி காத்திருந்தேன். நான் கணவர் பக்கம் திரும்பாமல், மாமாவைப் பார்த்தபடி, அவருக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "கார்ப்பரேட்டர் சரியாத்தான் இருக்கு. மாமாவுக்குக் காது கேக்கல. சத்தம் கேக்காததால, கைக்குத் தெரியிற மாதிரி அவர்தான் ஐட்லிங்க ஏத்தி வச்சிக்கிறாரு."

மாமா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

என் கணவர் இன்ஜினை அணைத்து, உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டினார். "அப்போ போன்ல நான் பேசினதெல்லாம்?" என்றார். "வாரா வாரம் சரி சரின்னு சொன்னியேப்பா?" இதை மெதுவாகத்தான் கேட்டார். மாமாவுக்கு அது கேட்டிருக்காது.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எம்பேச்சு புடிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. ரெண்டு வருஷமா கூப்பிட்டா திரும்பறதில்ல. வயசானா ஆம்பளைங்க இப்படித்தான்னு விட்டுட்டேன்."

"சாவி ஆணியிலதான் மாட்டியிருக்கு. எடுத்துக்க," என்றார் மாமா, மகனிடம்.

அவர் எடுக்கவில்லை. ஒருவரும் எடுக்கவில்லை. நான் மிஷினைப் பற்றிச் சொன்னதும், என் கணவர் பீரோவிலிருந்து அதை எடுத்து அப்பாவின் காதில் வைக்க உதவி செய்தார். வைத்ததும் மாமா முகம் சுளித்தார். மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். "இவ்ளோ சத்தம் போடுதா இது?" என்றார். மாலை ரயிலுக்குக் கிளம்பும்போது என் கணவர் விற்பதைப் பற்றியோ ஆளைப் பற்றியோ பேசவில்லை. "ரோட்டுக்கு மட்டும் போவ வேணாம்ப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது மாமாவின் போன் அடித்தது. அத்தைதான் எடுத்தார். பேசியது ஒரு பெண். நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டது. விக்கிரவாண்டிக்குப் பக்கத்து ஊர். கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நிற்கிறது, மாடு படுத்துவிட்டது, சார் வருவாரா என்று அழுதாள். அத்தை, "அவரு ஊர்ல இல்லம்மா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மிஷின் காதில் இருந்ததால் மணி அடித்தது மாமாவுக்குக் கேட்டிருந்தது. பேச்சு கேட்கவில்லை. "யாரு?" என்றார்.

"ராங் நம்பர்," என்றார் அத்தை. என் பக்கம் திரும்பிக் கண்ணாலேயே கெஞ்சினார்.

அத்தையின் பயம் எனக்குப் புரிந்தது. லாரியை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இது ஒரு தடவையோடு நிற்காது என்பதும் தெரிந்தது. இனி இந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் அவர் அதை நம்பித்தான் ஆக வேண்டும். பின்னிக்கொண்டிருந்த தலையோடு மாமாவுக்கு எதிரில் போய் நின்று, அந்தப் பெண் சொன்னதை வார்த்தை விடாமல் சொன்னேன். அத்தை என்னிடம் அன்று முழுக்கப் பேசவில்லை.

மாமா பையை எடுத்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். வாசலுக்குப் போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். டேங்க் மேல் கை வைத்தார். உதைக்கவில்லை. அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு மாமா போனை என்னிடம் நீட்டினார். "யாராவது வந்து இட்டுக்கினு போவ சொல்லு. அதுவரைக்கும் கால இழுக்க வேணாம்னு சொல்லு. யாரும் கை வைக்க வேணாம். டாக்டருக்கும் ஒரு போன் போட்டு வைக்கச் சொல்லு, ஜல்தி."

சொன்னேன். அந்தப் பெண்ணின் தம்பி புது வண்டியில் பறந்து வந்தார். மாமாவுக்குப் பின்சீட்டில் உட்காரத் தெரியவில்லை. ஏறினார், இறங்கினார், பையை மடியில் வைப்பதா நடுவில் வைப்பதா என்று மாற்றி மாற்றி வைத்தார்.

"எங்க புடிக்கிறது?" என்றார்.

"என் தோள புடிச்சிக்குங்க சார்."

பிடித்துக்கொண்டார். வண்டி நகரும் முன் என்னைக் கூப்பிட்டார்.

"கார்ப்பரேட்டர்ல இருக்கிற பெட்ரோல வடிச்சி விட்டுடும்மா. ஓட்டாம நின்னா உள்ள பிசின் மாதிரி புடிச்சிக்கும்."

அவர்கள் தெருமுனையில் திரும்பினார்கள். அந்தப் புது வண்டி ஓடும் சத்தமே இல்லை. நான் பெட்ரோல் டேப்பை மூடினேன். ஒரு பழைய டின்னைக் கீழே வைத்து, கிண்ணத்தின் அடியில் இருந்த ஸ்குரூவைத் தளர்த்தினேன். பெட்ரோல் முதலில் நூலாக விழுந்தது, பிறகு சொட்டாக. முழுவதும் வடிய நேரம் எடுத்தது. அன்றைக்கு என் ரயில் நிஜமாகவே போய்விட்டது.